கோழி அறுத்த வண்டி

என் வீட்டுக்காரரிடம் எல்லாமே பெரிசு. ஆள் ஆறடிக்கு மேல். குரல் பெரிசு, பசி பெரிசு, பிடிவாதம் அதைவிடப் பெரிசு. வயிறு மட்டும் கைக்குழந்தையின் வயிறு. பஸ்ஸில் ஏறி டிக்கெட் வாங்கி முடிப்பதற்குள் புரட்ட ஆரம்பித்துவிடும். கார் என்றால் கதவைச் சாத்தும் சத்தமே போதும். ஒரு முறை சேலம் போகலாம் என்று ரயில் ஏறினோம். தொப்பூர் வருவதற்குள் பெட்டியில் இருந்தவர்கள் எல்லாரும் எங்களைத் தனியாக விட்டுவிட்டு அடுத்த பெட்டிக்குக் குடிபோய்விட்டார்கள். எலுமிச்சம்பழம், இஞ்சி மரப்பா, மாத்திரை, தொப்புளில் பிளாஸ்திரி என்று யார் யார் என்னென்ன சொன்னார்களோ எல்லாம் செய்து பார்த்தாயிற்று. ஜன்னல் வைத்த எந்த வண்டியும் அவருக்கு ஆகாது.

இரண்டு சக்கர வண்டி மட்டும் ஆகும். முகத்தில் காற்று அடிக்க வேண்டும், அவ்வளவுதான். நான் ஓட்டுவேன். அவர் பின்னால் உட்கார்ந்து, எதிரில் வருகிறவர்களுக்கெல்லாம் கையை ஆட்டிக்கொண்டு வருவார்.

ஆமாம், ஓட்டுகிறவள் நான்தான். நான் கால்நடை ஆய்வாளர். மாட்டுக்குச் சினை ஊசி போட ஊர் ஊராகப் போகிற வேலை. பஸ்ஸை நம்பினால் மாடு காத்திருக்காது என்பதால் வேலையில் சேர்ந்த புதிதிலேயே நூறு சிசி வண்டி ஒன்றைப் பிடித்தேன். பின்னால் ஊசிக் குச்சிகள் வைத்த நைட்ரஜன் கேனைக் கட்டிக்கொண்டு, தருமபுரியைச் சுற்றியுள்ள வரப்பு, ஓடை, மண்மேடு எதையும் விட்டுவைத்ததில்லை. அவர் சம்பங்கியும் சாமந்தியும் போடுகிற விவசாயி. வண்டி ஓட்ட ஒரே ஒரு முறை கற்றுக்கொள்ளப் பார்த்தார். நேராகப் போய்க் கிணற்று மேட்டில் ஏறிவிட்டார். கிணற்றை எட்டிப் பார்த்தவர், இறங்கி, வண்டியை அங்கேயே விட்டுவிட்டு நடந்து வந்துவிட்டார். அதற்கப்புறம் அந்தப் பேச்சே எடுத்ததில்லை.

எங்களுக்கு ஒரே மகள். சிக்மகளூர் பக்கம் மலைமேல் ஒரு காப்பித் தோட்டத்தில் வேலை. தோட்டத்துக்கு உள்ளேயே வீடு கொடுத்திருக்கிறார்கள். நான் பஸ் மாறி பஸ் மாறி இரண்டு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். இவர் போனதே இல்லை. முதல் வருஷம் மகள் தினமும் போனில் கேட்பாள், "எப்பப்பா வர்றீங்க?" என்று. இவரும், "இந்தச் சாமந்தி முடியட்டும் பாப்பா" என்பார். சாமந்தி முடிந்ததும் சம்பங்கி வந்துவிடும்.

போன வருஷம் அவளே ஒரு கார் ஏற்பாடு செய்து அனுப்பினாள். ஜன்னல் நான்கையும் இறக்கிவிட்டு, முன் சீட்டில் உட்கார வைத்து, கையில் எலுமிச்சம்பழத்தையும் மடியில் பிளாஸ்டிக் பையையும் கொடுத்துக் கிளம்பினோம். காவேரிப்பட்டணம் வருவதற்குள் ஆள் வெளுத்துப்போய்விட்டார். ஓரத்தில் இறங்கி உட்கார்ந்தவர், "நீ போய்ட்டு வா. பாப்பா சாப்பாடு செஞ்சு வெச்சிருக்கும்" என்றார். நான் திட்டினேன், கெஞ்சினேன். அவர் எழுந்திருக்கவில்லை. தருமபுரிப் பக்கம் தக்காளிக் கூடையோடு போய்க்கொண்டிருந்த யாரோ ஒருவருடைய பைக்கில் தொற்றிக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்துவிட்டார். நான் ஓசூர் தாண்டுவதற்குள் போன் வந்தது. குரலில் அப்படி ஒரு தெம்பு. வழியெல்லாம் தக்காளி விலை பேசிக்கொண்டு வந்தாராம்.

எனக்கு வந்த கோபம் மகள் வீட்டு வாசல்வரை இறங்கவில்லை. அங்கே போய்ச் சேர்ந்தபோதுதான் இறங்கியது. அவள் ஓடி வந்து, என்னைப் பார்ப்பதற்கு முன்னால், காருக்குள் எட்டிப் பார்த்தாள். பிறகு என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள்.

அதற்கப்புறம் அவள் அவரிடம் எப்போது வருகிறீர்கள் என்று கேட்பதை விட்டுவிட்டாள். பேசினாள், சிரித்தாள், பூ விலை விசாரித்தாள். அந்தக் கேள்வி மட்டும் இல்லை. நான் கவனித்தேன். அவர் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் சாயங்காலம் பூ கட்டிக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்காமலே, "பாப்பா இப்பல்லாம் வாங்கன்னு கூப்பிடறதே இல்ல, பாத்தியா?" என்றார். என் வீட்டுக்காரருக்குச் சத்தமாகப் பேசத்தான் தெரியும். அன்றைக்கு அவ்வளவு மெதுவாகப் பேசினார்.

"பைக்லயே போனா என்னங்க?" என்று அப்போதுதான் கேட்டேன்.

கேட்பது சுலபம். என்னுடைய நூறு சிசி, மாடு வரைக்கும் போகும், மாநிலம் தாண்டாது. அதோடு மகள் வீட்டுக்குப் போகிற கடைசிப் பாதை முழுக்க மண்ணும் கல்லும். மழை பெய்தால் ஜீப் மட்டும்தான் ஏறும். எனவே நெடுஞ்சாலையில் நாள் முழுக்க ஓடினாலும் இடுப்பு கழன்றுவிழாத, சேற்றிலும் கல்லிலும் ஏறுகிற, என்னைப் போல் ஐந்தடிக்காரி ஓட்டி அவரைப் போல் ஆறடிக்காரர் பின்னால் உட்காரக்கூடிய ஒரு வண்டி வேண்டும். மாப்பிள்ளை பார்ப்பதற்குக்கூட இத்தனை நிபந்தனை போடமாட்டார்கள்.

முதல் ஷோரூமில் விற்பனையாளர் நேராக அவரிடம் போய், "சார் ஹைட்டுக்கு இது கரெக்டா இருக்கும் சார்" என்று ஆரம்பித்தார். இவர் வாயெல்லாம் பல்லாக, "எனக்கு ஓட்டத் தெரியாதுங்க. ஓட்டறது இவங்க. நான் பின்னாடி ஏத்தற மூட்டை" என்றார். விற்பனையாளர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஸ்கூட்டர் இருக்கிற பக்கம் நடந்தார். "இந்தாங்க, நான் கொத்தமல்லி வாங்கப் போறதுக்கு வண்டி கேக்கல. மலைச் சேத்துல ஏறணும்" என்று சொல்லித் திரும்பக் கூட்டிவந்தேன்.

டெஸ்ட் ரைடு என்றால் அவர்கள் வைத்திருக்கும் முறை எனக்குப் பிடிக்கவில்லை. லைசென்ஸ் நகலை வாங்கிக்கொண்டு, விற்பனையாளரே பின்னால் உட்கார்ந்து, வழுவழு சர்வீஸ் ரோட்டில் பாலம்வரை போய்த் திரும்புவது. அதில் என்ன தெரியும்? மாப்பிள்ளையைக் கல்யாண மண்டபத்தில் வைத்துப் பார்த்தால் நல்லவனாகத்தான் தெரிவான். நான் சொன்னேன், "பின்னாடி நீங்க வேணாம். இவர்தான் உக்காரணும். வண்டியை நான் பாத்துக்கறன், இவர் வயித்தை வண்டி பாக்கட்டும்."

இதற்காக வீட்டிலேயே ஒரு விதி வைத்திருந்தேன். காலி வயிற்றோடு போய் உட்கார்ந்தால் அந்தப் பரீட்சை செல்லாது. ஒவ்வொரு டெஸ்ட் ரைடுக்கும் முன்னால் அவர் வயிறு முட்டச் சாப்பிட வேண்டும். பஸ் ஸ்டாண்டு பக்கம் இட்லி, வடை, அதற்கு மேல் முட்டை தோசை. என்னுடைய எத்தனையோ விதிகளில் இந்த ஒன்றை மட்டும் அவர் ஒரு நாளும் எதிர்த்ததில்லை.

முதல் வண்டி ஒல்லியாக, உயரமாக, மண்ணில் தாவிக் குதிப்பதற்கென்றே செய்த வண்டி. நான் சீட்டில் ஏறி உட்கார்ந்ததும் இரண்டு கால் கட்டைவிரலின் நுனி மட்டும்தான் தரையைத் தொட்டது. சமாளித்துவிடலாம் என்று நினைத்தேன். அவர் என் தோளைப் பிடித்து ஒரு காலைத் தூக்கிப் போட்டார். அவ்வளவுதான். நான், அவர், வண்டி மூன்று பேரும் மெதுவாக, ஒரு மரியாதையோடு, இடது பக்கம் சாய்ந்தோம். ஷோரூம் வாசலில் வைத்திருந்த குரோட்டன்ஸ் தொட்டி எங்களைத் தாங்கிக்கொண்டது. இலை ஒன்றைத் தலையிலிருந்து எடுத்துக்கொண்டே இவர், "வண்டி நல்லாத்தாங்க இருக்குது. நின்னுச்சுன்னா இன்னும் நல்லா இருக்கும்" என்று விற்பனையாளருக்கு ஆறுதல் சொன்னார்.

இரண்டாவது வண்டி நேர் எதிர். தாழ்வாக, கனமாக, சாமி ஊர்வல வாகனம் மாதிரி இருந்தது. என் பாதம் இரண்டும் தரையில் அழகாகப் பதிந்தன. பின் சீட்டில் அவர் உட்கார்ந்ததும், "ஆ" என்று ஒரு சத்தம் போட்டார். கட்டிலில் படுக்கும்போது போடுகிற அதே சத்தம். எனக்கு அந்த வண்டி மனசுக்குப் பிடித்துப்போயிற்று. விற்பனையாளர் ஸ்கூட்டரில் பின்தொடர்ந்து வந்துகொண்டிருந்தார். நான் சர்வீஸ் ரோட்டில் கொஞ்ச தூரம் ஒழுங்காகப் போய்விட்டு, இண்டிகேட்டர் போட்டு ஏரிக்கரைக்குத் திரும்பினேன். பின்னால், "மேடம்! மேடம்!" என்று குரல் வந்துகொண்டே இருந்தது. ஏரிக்கரையில் பாதி தூரம் போனதும் வண்டியின் அடிவயிற்றில் ஒரு கல், டங்கென்று இடித்தது. நிறுத்திக் குனிந்து பார்த்தோம். விற்பனையாளரும் வந்து குனிந்து பார்த்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"பாப்பா வூட்டுப் பாதையில கல்லு இருக்குதா?" என்று இவர் கேட்டார்.

"கல்லுதாங்க இருக்குது. நடுநடுவுல கொஞ்சம் பாதை இருக்குது" என்றேன். அந்த வண்டியும் போயிற்று. அதைத் திரும்பக் கொண்டுபோய் விடும்போது எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு சேலைக் கடையில் பிடித்த சேலையில் ஓட்டை இருந்தால் வருகிற அழுகை.

இனிப் பார்த்தால் மூன்றாவது வண்டியைத்தான் பார்க்க வேண்டும். நீண்ட பயணத்துக்கும் மண் பாதைக்கும் சேர்த்துச் செய்தது. நல்ல எஞ்சின், அகலமான சீட்டு, கல் இடிக்காத உயரம். அந்த உயரம்தான் எனக்குச் சனி. முதல் வண்டி அளவுக்கு மோசமில்லை என்றாலும் பாதத்தில் பாதிதான் தரையில் படும். சேலத்தில் ஒரு கடையில் சீட்டைச் செதுக்கி, ஸ்பிரிங்கை மாற்றி, இதே ரகத்தில் வேறு ஒரு வண்டியைத் தாழ்த்தி விற்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். அடுத்த வாரம் அதைப் போய்ப் பார்ப்பதென்று மனசுக்குள் முடிவு செய்துவிட்டேன். இருந்தாலும் மூன்றாவதை முழு நாளும் ஓட்டிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொன்னால் ஒரு நியாயம் இருக்கும் என்று தோன்றியது.

முழு நாள் யார் கொடுப்பார்கள்? அந்த ஷோரூம் மேனேஜர் வீட்டில் மாடு இருந்தது. எங்கள் மாவட்டத்தில் கோட்டு சூட்டுப் போட்ட ஆளானாலும் வீட்டுக்குப் பின்னால் ஒரு மாடு நிற்கும். அந்த மாடு சினை பிடிக்காமல் படுத்திய பாட்டையும் அதற்கு நான் பட்ட பாட்டையும் அவர் மறக்கவில்லை. சாவியைக் கையில் கொடுத்து, "சாயங்காலம் வந்துடுங்க மேடம். கீறல் மட்டும் விழாம பாத்துக்கங்க" என்றார்.

வத்தல்மலை அடிவாரத்தில் ஒரு கொட்டாயில் என் நாத்தனார், அதாவது இவருடைய அக்கா, வீடு இருக்கிறது. கொட்டாய் என்றால் தோட்டத்து நடுவே நாலைந்து வீடு சேர்ந்த இடம். தார் ரோட்டிலிருந்து அங்கே போகிற பாதை அசல் மகள் வீட்டுப் பாதை மாதிரியே கல்லும் குழியுமாக இருக்கும். அங்கே மதியம் சாப்பிட்டுவிட்டு, நிறைந்த வயிற்றோடு மலை ஏறி இறங்குவது என்று திட்டம். கிளம்பும் முன் அவர் அக்காவுக்குப் போன் போட்டார். "அக்கா, புது வண்டியில வர்றம். கோழி ஒண்ணு பாரு" என்றார். அவர் நினைத்தது குழம்பை.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் புது வண்டி எடுத்தால், அது டிவிஎஸ் ஆனாலும் டிராக்டரானாலும் லாரியானாலும், முனியப்பனைப் பார்க்காமல் ஊருக்குள் வராது. டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றுவோம், சந்தனம் குங்குமம் வைப்போம், கோழி அறுத்து ரத்தத்தைச் சக்கரத்தில் தொட்டு வைப்போம். அப்புறம் அந்த வண்டி முனியப்பன் பொறுப்பு. இத்தனை வருஷத்தில் அந்தக் கொட்டாய்க்கு, தனக்குச் சொந்தமில்லாத புது வண்டியில் யாரும் வந்ததில்லை. புது வண்டி, கோழி என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னால் நாத்தனார் வேறு என்ன நினைப்பார்?

மண் பாதையில் வண்டி பிரமாதமாகப் போனது. ஒப்புக்கொள்ள எனக்கு மனசில்லைதான், ஆனாலும் பிரமாதம். குழியில் இறங்கி ஏறியது தெரியவே இல்லை. கொட்டாய் முனையில் முனியப்பன் கல் இருக்கிறது. அங்கே வேப்பமரத்தடியில் நாத்தனார் தட்டோடு நிற்கிறார். அவருடைய வீட்டுக்காரர் ஒரு கையில் சேவலும் ஒரு கையில் கத்தியுமாக நிற்கிறார். அக்கம்பக்கத்துப் பெண்கள் நிற்கிறார்கள்.

நிறுத்தினேன். பாதை ஒரு பக்கம் சரிவு. நுனிக்காலில் வண்டியைப் பிடித்து நிறுத்துவதற்கே என் உயிர் போய்க்கொண்டிருந்தது. கையை எடுத்து ஆட்டவும் முடியவில்லை. "அண்ணி, வேணாங்க, இது நம்ம வண்டி இல்லீங்க" என்று ஹெல்மெட்டுக்குள்ளிருந்து கத்தினேன். பின்னால் இவரோ இறங்குவதற்கு எந்தக் காலை எடுப்பது என்ற யோசனையில் இருந்தார். நான் எஞ்சினை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் எலுமிச்சம்பழம் டயருக்கு அடியில், குங்குமம் டேங்கின் மேல், சேவலின் தலை ஒரு பக்கம், உடல் ஒரு பக்கம். முன்சக்கரத்தில் ரத்தம் வைத்தாயிற்று.

"டெஸ்ட் ரைடுங்க அண்ணி. ஷோரூம் வண்டி. சாயங்காலம் திருப்பித் தரணும்" என்றேன்.

அங்கே நின்ற அத்தனை பேரும் வண்டியைப் பார்த்தார்கள், சேவலைப் பார்த்தார்கள். சேவல் இன்னும் துடித்துக்கொண்டிருந்தது.

நாத்தனார்தான் முதலில் சுதாரித்தார். "அதெப்புடிம்மா திருப்பித் தருவ? தம்பி பேரைச் சொல்லி அறுத்தாச்சு. முனியப்பனுக்கு ஷோரூம்னா என்னான்னு தெரியுமா? அவருகிட்ட ஒரு வண்டியைக் காட்டிட்டு, வேற வண்டியில போய் நின்னா, நீங்க யாருன்னு கேக்க மாட்டாரா?"

"அவருகிட்ட நான் பேசிக்கறங்க அண்ணி. எனக்குக் கால் எட்டல. கால் எட்டாத வண்டியை வெச்சிக்கிட்டு நான் என்ன பண்றது?"

"அதை முன்னாடியே சொல்லிருக்கணும்."

"எப்பங்க சொல்றது? சேவலுக்கே சொல்ல நேரம் கொடுக்கலியே நீங்க!"

நான் இவரைப் பார்த்தேன். என் பக்கம் பேசுவார் என்று. இவர் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு பக்தி வந்துவிட்டிருந்தது. "இதையே எடுத்துர்லாம். அறுத்தாச்சு இல்ல" என்றார். அந்த இடத்திலேயே அவரை இன்னொரு பலியாகக் கொடுத்துவிடலாமா என்று இருந்தது. சேலத்து வண்டிக்கு இன்னொரு கோழி அறுத்துக்கொள்ளலாம் என்றேன். "அப்ப முதல் வண்டி என்னாச்சுன்னு சாமி கேட்டா?" என்றார். சாப்பிடப் போனோம். கோபத்தோடு சாப்பிட்டாலும் குழம்பு நன்றாகத்தான் இருந்தது. அவர் ராகிக் களியைக் குழம்பில் முக்கி முக்கி இறக்கினார். பரீட்சைக்கு வயிறு தயார்.

மலை ஏறினோம். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும், "எப்புடி இருக்குது?" என்று கேட்டேன். "நல்லாருக்குது, நீ ரோட்டைப் பாரு" என்றார். புரட்டல் இல்லை. மயக்கம் இல்லை. பாதி மலையில் அவர் கையை நீட்டி, கீழே தெரிகிற ஒவ்வொரு கிணற்றையும் யாருடையது என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். காரில் பிளாஸ்டிக் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாரே, அந்த ஆளா இது என்று இருந்தது. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். ஆனால் வண்டி பிடித்துவிட்டது என்று காட்டிக்கொள்ளக் கூடாதே, அதனால் முறைப்பாகவே ஓட்டினேன்.

மேலே இன்னும் சில வளைவுகள் இருக்கும்போது மலைப் பஸ் இறங்கி வந்தது. வளைவு முழுக்க அதற்கே வேண்டும். நான் ஓரம் கட்டி நிறுத்தினேன். ஓரம் முழுக்க ஜல்லி. சரிவு வேறு. இடது காலை ஊன்றினேன், கீழே தரை இல்லை. கொஞ்சம் தள்ளித்தான் இருந்தது, ஆனால் எனக்கு வேண்டிய நேரத்தில் இல்லை. வண்டி சாய ஆரம்பித்தது. சாய்கிற பக்கம் பள்ளம். முதல் ஷோரூமில் சாய்ந்த மாதிரி மரியாதையோடு சாய இது இடமில்லை.

திடீரென்று வண்டி சாய்வதை நிறுத்தியது. நட்டுவைத்த மாதிரி நின்றது. குனிந்து பார்த்தேன். என் காலுக்குப் பின்னால், இரண்டு பக்கமும், அவருடைய பெரிய செருப்பு இரண்டும் ஜல்லியில் அழுத்தி ஊன்றியிருந்தன.

"நான் புடிச்சிருக்கறன். நீ கிளட்ச்சைப் பாரு" என்றார்.

பஸ் எங்களை உரசினாற்போல் இறங்கிப் போனது. அவர் ஒரு காலை ஊன்றியபடியே பஸ் டிரைவருக்குக் கையை ஆட்டினார். இத்தனை நாளாக இந்த ஆளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போகிறேன் என்றே நினைத்திருந்தேன். மாவட்டத்திலேயே உயரமான இரண்டு காலைப் பின்னால் வைத்துக்கொண்டு, சீட்டைச் செதுக்குகிறவனைத் தேடி சேலம் போகப் பார்த்தேனே! சிரிப்பு வந்தது. சிரிப்போடு கண்ணீரும் வந்தது. ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டேன்.

மலைமேல் ஊருக்குள் இருந்த மண் பாதைகளில் நாலு மணிவரை அதையே பழகினோம். "நிறுத்தறன்" என்று நான் சொன்னால் அவர் காலை இறக்குவார். "எடுக்கறன்" என்றால் தூக்கிக்கொள்வார். ஏறும்போதும் அவர்தான் முதலில். முன்னால் ஏறி, பின் சீட்டுக்கு நகர்ந்து, இரண்டு காலையும் ஊன்றி வண்டியை நிமிர்த்திப் பிடித்துக்கொள்வார். அப்புறம் நான் முக்காலியில் ஏறுவதுபோல் ஏறி உட்காருவேன். கையில் தின்பண்டத்தோடு நின்று வேடிக்கை பார்த்த ஒருவர், "வண்டி யாரு ஓட்டறதுங்க?" என்று கேட்டார். "மேல பாதி அவங்க, கீழ பாதி நான்" என்றார் இவர்.

திரும்பும்போது ஷோரூம் வாசலில் வண்டியை நிறுத்தினேன். அன்றைக்குக் கழுவக் கூடாது என்பது நாத்தனார் உத்தரவு. டேங்கில் குங்குமம், ஹேண்டிலில் வேப்பிலை, முன்சக்கரக் கம்பிகளில் காய்ந்த ரத்தம். மேனேஜர் வெளியே வந்து ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். "யாரு மேலயாவது ஏத்திட்டீங்களா மேடம்?" என்றார் மெதுவாக. கோழி என்றேன். எந்தக் கோயில் என்று கேட்டார். சொன்னேன். செருப்பைக் கழற்றிவிட்டு வண்டியைப் பார்த்துக் கும்பிட்டார். "இனிமே இதை டெஸ்ட் ரைடுக்குக் கொடுக்க எனக்குத் தைரியம் இல்லைங்க. இதையே எடுத்துக்கங்க" என்றார்.

எடுத்துக்கொண்டோம். புது வண்டி இல்லை, யார் யாரோ ஓட்டிப் பார்த்த வண்டிதான். பெட்ரோல் டேங்கில் ஒரு பழைய கீறல் இருந்தது. இரண்டு பக்கமும் இரும்புப் பெட்டி மாட்டித் தருகிறேன் என்றார்கள். வேண்டாம், அங்கேதான் இவர் கால் வர வேண்டும் என்று சொல்லிவிட்டேன். முனியப்பன் முடிவு செய்தார் என்று நாத்தனார் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் செருப்பைப் பார்த்து முடிவு செய்தேன். இவரைக் கேட்டால் குழம்பு நன்றாக இருந்தது என்பார்.

மழைக்கு முன்னால் கிளம்பினோம். மகளிடம் சொல்லவில்லை. காவேரிப்பட்டணத்தைத் தாண்டும்போது அவர் போன தடவை உட்கார்ந்த மைல்கல்லை எனக்குக் காட்டினார். வழியில் ஒரு ராத்திரி தங்கி, மறுநாள் மதியத்துக்கு மேல் தோட்டத்துப் பாதைக்கு வந்தோம். மழை எங்களுக்கு முன்னாலேயே வந்துவிட்டிருந்தது. சேற்றில் வண்டி வழுக்கிய இடத்திலெல்லாம் அவர் காலை இறக்கி நடந்தார். பாதி தூரம் வண்டி ஓடியது, பாதி தூரம் அவர் வண்டியோடு நடந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். முழங்கால்வரை சேறு.

வண்டிச் சத்தம் கேட்டு மகள் வெளியே வந்தாள். முதலில் யாரென்று தெரியாமல் பார்த்தாள். அப்புறம் அவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். அவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அவர் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. காலைக் கழுவிக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தார். பின்கதவுத் தாழ்ப்பாளைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். கூரையில் ஓடு சரியாக இருக்கிறதா என்று பார்த்தார், தண்ணீர்த் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். கடைசியாக அவள் படுக்கிற அறைக்குள் போய் நின்றார். ஜன்னல் எந்தப் பக்கம் திறக்கும், லைட் சுவிட்ச் எங்கே, தலையை எந்தப் பக்கம் வைத்துப் படுப்பாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"என்னப்பா இதெல்லாம் கேக்கறீங்க?" என்று மகள் சிரித்தாள்.

"தெனமும் போன்ல, தூங்கப் போறன்ப்பான்னு சொல்ற. நானும் சரின்னு வெச்சிடறன். போனை வெச்சப்புறம் நீ எங்க போய்ப் படுக்கறன்னு எனக்குத் தெரியாது பாப்பா. உங்கம்மா சொல்லுவா, எனக்குக் கண்ணுல வராது. புள்ளைய எங்கயோ இருட்டுல வுட்டுட்டு வந்து நாம மட்டும் படுத்துக்கற மாதிரி இருக்கும்."

மகள் சிரிப்பதை நிறுத்திவிட்டாள். கட்டிலில் போய் உட்கார்ந்து, சுவர் ஓரமாகக் கிடந்த தலையணையை இழுத்துத் தட்டிப் போட்டு, "இங்கதான்ப்பா" என்றாள்.